ஸ்லைடு: புட்டிக்கழுத்தா, சறுக்கா, இழைப்பானா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். கிட்டார் தந்திமேல் வழவழப்பான ஒரு பொருளை ஓட்டி வாசிப்பதை ஆங்கிலத்தில் 'ஸ்லைடு' அல்லது 'பாட்டில்நெக்' என்கிறார்கள். அந்த வாசிப்புக்கும் அந்தப் பொருளுக்கும் நாம் தேடிவரும் தமிழ்ச்சொல் பற்றி, உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> பாட்டில்நெக் என்பதற்குப் 'புட்டிக்கழுத்து' போதுமே. நேர்ச்சொல் இருக்க வேறெதற்கு?

போதாது ஐயா. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் பேர்பெற்ற கிட்டார் கலைஞர் மிசிசிப்பி ஃப்ரெட் மெக்டவலை எடுத்துக்கொள்ளுங்கள். டென்னசியின் ராஸ்வில் பக்கம் பிறந்து, மிசிசிப்பியில் கோமோ என்ற சிற்றூரில் குடியேறிய விவசாயி. சிறுவயதில், குடும்பத்துப் பெரியவர் ஒருவர் மாட்டு விலா எலும்பை வழவழவென்று தேய்த்து, அதைக் கிட்டார் தந்திமேல் ஓட்டி ப்ளூஸ் வாசிப்பதைப் பார்த்திருக்கிறார். பிறகு அவரே மடக்குக் கத்தியால் வாசித்தார், எலும்பால் வாசித்தார். கடைசியில் கண்ணாடிப் புட்டியின் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டார். அதில்தான் ஒலி தெளிவாக வந்தது. பொருள் மூன்று, வாசிப்பு ஒன்று. பொருளை வைத்துப் பெயரிட்டால் ஒன்றைச் சொல்லி மற்ற இரண்டை விட்டுவிடுவோம்.

> அப்படியானால் 'சறுக்கு'?

சறுக்கினால் கீழேதான் வருவோம். மெக்டவலின் விரலோ சுரத்துக்குக் கீழிருந்து ஏறிப் போய், அதைத் தொட்டு, அங்கேயே நடுங்கி நிற்கும்.

1959 செப்டம்பரில் நாட்டார் இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸும் ஆங்கிலேய நாட்டுப்புறப் பாடகி ஷெர்லி காலின்ஸும் ஒலிப்பதிவுக் கருவியோடு கோமோவுக்குப் போனபோது அவர் ஐம்பதைத் தாண்டியவர். பகலில் பருத்தி எடுத்துவிட்டு வந்து வாசித்தார். அந்தப் பதிவுகளைத் தயவுசெய்து ஒருமுறை கேளுங்கள். ஒரு வரியைப் பாடிக்கொண்டே வருவார். கடைசிச் சொல்லை வாய் விட்டுவிடும், தந்தி அதைச் சொல்லி முடிக்கும். குரல் எங்கே நின்றது, தந்தி எங்கே தொடங்கியது என்று பிரிக்க வராது. இதைத்தான் நாம் "குரலோடு இழைகிறது" என்போம். சொல் நம் வாயிலேயே இருக்கிறது.

ஆகவே வாசிப்பு முறைக்கு 'இழைவு' என்கிறேன். கருவிக்கு முதலில் 'இழைகுழல்' என்றுதான் நினைத்தேன். கத்தி குழல் இல்லையே என்று கைவிட்டேன். துடைப்பான், அழிப்பான் போல 'இழைப்பான்' என்றால் எலும்பு, கத்தி, கண்ணாடி மூன்றும் அடங்கும்.

> இழைப்பு என்றால் தச்சுவேலை நினைவுக்கு வராதா?

வரட்டும் அக்கா. இழைப்புளி மரத்தின்மேல் ஓடுவதும் இதே அசைவுதானே.

வீணை போன்ற கோட்டுவாத்தியத்தில் தந்திமேல் ஓட்டும் கட்டைக்குக் 'கோடு' என்று பெயர்; அதை எடுக்கலாம் என்ற யோசனை எனக்கும் பிடித்தது. ஆனால் அங்கே மெட்டு (தந்திக்கு அடியில் குறுக்கே பதித்த கட்டை, ஃப்ரெட்) கிடையாது; கோட்டைக் கையில் பிடித்துத் தந்திமேல் நகர்த்துகிறோம். கிட்டாரில் இழைப்பானை ஒரு விரலில் மாட்டிக்கொண்டு, மற்ற விரல்களால் மெட்டுகளில் அழுத்தவும் செய்யலாம். கை வேலை வேறு என்பதால் சொல்லும் வேறாக இருப்பது நல்லது.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

"அமெரிக்கப் பாடகி பானி ரெய்ட் மெக்டவலிடம் இழைவு வாசிப்பு கற்றார்."

"மெக்டவல் கத்தியை விட்டுக் கண்ணாடி இழைப்பானுக்கு மாறினார்."

எனக்கு இரண்டும் தடங்கலில்லாமல் வாயில் வருகின்றன. கிட்டார் வாசிக்கும் நண்பர்கள் நாலு நாள் பேச்சில் புழங்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதன்பின் நம் சொற்பட்டியலில் சேர்க்கலாம்.