பம்பளிமாஸும் கொழுப்பு மாத்திரையும்: மருந்தாளுநர்கள் உதவுங்கள்

வணக்கம். அப்பா இரவில் கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் 40 மில்லிகிராம் மாத்திரை சாப்பிடுகிறார். கொல்லையில் பம்பளிமாஸ் காய்த்துக் குலுங்குகிறது. தினமும் அரைப் பழத்தை உரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, சுளைசுளையாக உள்ளே தள்ளுகிறார். சொன்னால், "பழம் என்னடா செய்யும்?" என்கிறார்.

செய்யும் என்றுதான் தெரிகிறது. இந்த மாத்திரையில் ஒரு பகுதியை, இரத்தத்தில் கலக்கும் முன்பே குடல் சுவரிலுள்ள சி.ஒய்.பி.3ஏ4 என்ற நொதி சிதைத்துவிடும். பம்பளிமாஸுக்கு உறவான கிரேப்ஃப்ரூட் பழத்தில் உள்ள ஃபுரானோகூமரின்கள் என்ற வேதிப்பொருள்கள் அந்த நொதியை முடக்குவதால், மருந்து கூடுதலாக இரத்தத்தில் சேர்கிறது. காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்தும் பயனில்லை. புதிய நொதி உருவாக ஓரிரு நாளாவது ஆகும். கிரேப்ஃப்ரூட்டே பம்பளிமாஸின் கலப்பில் பிறந்தது. பம்பளிமாஸிலும் இந்தப் பொருள்கள் உண்டு.

நாலைந்து நாளாகக் கெண்டைக்கால் வலி என்கிறார். இந்த மாத்திரை அதிகமானால் தசைவலி வரலாம் என்பதால் நாளையே மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் சி.கே. (கிரியாட்டின் கைனேஸ்) இரத்தப் பரிசோதனை கேட்கலாமா? சிதைவதற்கு இந்த நொதியை அதிகம் நம்பாத ரோசுவாஸ்டாடின் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரைக்கு யாராவது மாறியிருக்கிறீர்களா? நம்மூர்ப் பம்பளிமாஸில் இந்தப் பொருள்களின் அளவை யாரேனும் ஆராய்ந்திருந்தால் அந்த விவரமும் வேண்டும். அப்பா ஆதாரம் கேட்பார்.