கலைச்சொல் வேண்டும்: பொங்கி வழியும் நொதிப்பும் அதற்கான குழாயும்

திங்கள் இரவு, வெள்ளவத்தையிலிருந்து மொழிபெயர்ப்பாளர்

அன்புடையீர்,

வீட்டில் பியர் தயாரிப்பதற்கான பொதிகளை இலண்டனில் விற்கும் ஒருவர், தம் தமிழ் வாடிக்கையாளருக்காகக் கைந்நூலைத் தமிழில் கேட்டிருக்கிறார். வெள்ளி காலை அச்சுக்குப் போகவேண்டும். பிரித்தானியாவில் 1963 முதல் சொந்தப் பாவனைக்கு இதைச் செய்ய அனுமதிப்பத்திரம் தேவையில்லை. நம் இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இருப்பதால் எவரும் இங்கே பரீட்சித்துப் பார்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

தலைப்புக்கு ‘இல்லடு பியர்’ என்று வைத்துவிட்டேன். பெரும்பாணாற்றுப்படையில் ‘இல்லடு கள்’ (வீட்டில் காய்ச்சிய கள்) இருக்கும்போது வேறு சொல் தேட மனம் வரவில்லை. நான் இடறி நிற்பது நொதித்தல் கட்டுமீறிப் போவதைப் பற்றிய அத்தியாயத்தில்தான். முதலாவது, அந்த நிகழ்ச்சிக்கே பெயர் வேண்டும். இரண்டாவது, நுரையை வெளியே கொண்டுபோய் ஒரு போத்தல் நீருக்குள் விடுகின்ற அகன்ற குழாய்க்குப் பெயர் வேண்டும்.

எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்குக் கரைத்து வைத்த தோசை மா, வெக்கையான நாட்களில், விடியுமுன் மூடியைத் தூக்கிக்கொண்டு பானை விளிம்பால் இறங்கிக் குசினி மேசையில் வளையமாகக் காய்ந்திருக்கும். “மா பொங்கிப் பாய்ஞ்சிட்டுது” என்பார் அம்மா. வினை இருக்கிறது, பெயர்தான் இல்லை. இப்போதைக்கு ‘மிகைநொதிப்பு’, ‘பொங்குகுழாய்’ என்று எழுதியிருக்கிறேன்.

செவ்வாய் காலை, தெகிவளையிலிருந்து இரசாயனவியல் ஆசிரியை

‘மிகைநொதிப்பு’ பிழையான பொருளைத் தரும். இங்கே மிகுவது அளவன்று, வேகமே. மதுவம் (நொதிக்கச் செய்யும் ஈஸ்ட்) தின்னக்கூடிய சீனியின் அளவு ஏறக்குறைய அதேதான். அதை நான்கைந்து நாளில் தின்பதற்குப் பதிலாக ஒன்றரை நாளில் தின்று முடிக்கிறது. சாதாரண ஏல் வகைப் பியருக்கு 18 முதல் 22 பாகை செல்சியஸ் பொருத்தம் என்பார்கள். நம் கொழும்பில் ஓர் அறை எக்காலமும் 28, 30 பாகையில் இருக்கும். நொதித்தலே வெப்பத்தை வெளிவிடும் தாக்கம் என்பதால், உச்ச நேரத்தில் வாளியின் உள்ளே அறையைவிட மூன்று நான்கு பாகை கூடிவிடும். வெப்பம் கூடக் காபனீரொட்சைட்டு விரைந்து வெளிவருகிறது. புரதமும், பியருக்குக் கசப்பூட்டும் ஹொப்ஸ் பூவின் பிசினும் அந்தக் குமிழ்களைப் பிடித்து நுரைத் தொப்பியாக உயர்த்துகின்றன. அது வளிப்பூட்டின் (வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சிறு அடைப்பின்) ஒடுங்கிய துளைக்குள் ஏறி அடைத்துக்கொண்டால் அமுக்கம் கூடி, ஒருநாள் நடுச்சாமத்தில் மூடி கூரையில் போய் மோதும்.

ஆகவே வேகத்தைக் காட்டும் சொல்லாகப் பாருங்கள். ‘பொங்கு’ என்பதைக் குழாயோடு சேர்க்காதீர்கள். பொங்குவது நுரை, குழாயன்று.

செவ்வாய் இரவு, கொட்டாஞ்சேனையிலிருந்து ஓய்வுபெற்ற பண்டிதர்

ரீச்சர் கேட்ட சொல் கையிலேயே இருக்கிறது: கடுநொதிப்பு. கடு என்ற உரிச்சொல் விரைவையும் மிகுதியையும் கொடுமையையும் ஒருங்கே தரும். கடும்பரி என்றால் விரைந்த குதிரை, கடும்புனல் என்றால் விரைந்த வெள்ளம். கடுகுதல், விரைதல். கோட்டை நிலையத்தில் நாம் ஏறுகின்ற கடுகதிப் புகையிரதத்திலும் இருப்பது இதே கடுதான். கதி வடசொல் என்பதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். அதற்கும் மேலாக, புறநானூற்றின் 392ஆம் பாடலில் அவ்வையார் ‘தேட்கடுப்பு அன்ன நாட்படு தேறல்’ என்கிறார். தேள் கொட்டினாற்போலக் கடுக்கும், பலநாள் ஊறிய கள்ளின் தெளிவு. வெப்பம் மிகுந்து நொதித்த பியர் தொண்டையில் எரிச்சலாக இறங்கும் என்று ரீச்சர் முன்பொருமுறை சொன்னது நினைவிருக்கிறது. வேகமும் அதன் விளைவும் ஒரே அடியில் அடங்குகின்றன. கடுகு, கடுக்காய், ஏன், நம் வீட்டுக் கூரையில் இரவெல்லாம் சண்டையிடும் கடுவன் பூனையும்கூட இவ்வடியினின்றே கிளைத்தவை என்பது என் நெடுநாளைய கருத்து. அதை வேறொரு சமயம் விரிப்பேன்.

குழாய் விடயத்தில் ரீச்சரின் தடையை ஏற்க முடியாது. வினைத்தொகையின் பெயர் எழுவாயாகத்தான் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? உண்கலம் உண்பதில்லை, சுடுகாடு சுடுவதில்லை. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆகிய ஆறையும் பெயரெச்சம் கொள்ளும் என்று நன்னூலார் விதித்திருக்கிறார். ஆயினும் பொங்குதலுக்கு அக்குழாய் கருவியுமன்று, வழிதலுக்குத்தான் இடமாகிறது. எனவே ‘நுரைவழிகுழாய்’ என்பேன். ஒற்று மிகாமல் எழுதுக. மிகுத்தால் வழி பெயர்ச்சொல்லாகிப் பாதை என்று பொருள்பட்டுவிடும்.

புதன் காலை, பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு பொறியியலாளர்

பண்டிதர் ஐயாவின் மீது மதிப்போடு சொல்கிறேன். இலண்டனில் பிறந்த பிள்ளை, நுரை மேலேறிக்கொண்டிருக்கையில் ஒரு கையில் கைந்நூலைப் பிடித்துக்கொண்டு, வழிகுழாயா வழிக்குழாயா என்று ஒற்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டாது. கடையில் ‘புளோ-ஓஃப் டியூப்’ என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிடலாம். அது முடியாதென்றால் ‘நுரைபோக்கி’ என்று வையுங்கள். புகைபோக்கி தெரியாத தமிழர் இல்லை.

புதன் இரவு, தெகிவளையிலிருந்து இரசாயனவியல் ஆசிரியை

கடுநொதிப்பை ஏற்றுக்கொள்கிறேன், கடுவனைத் தவிர.

நுரைபோக்கி நல்ல சொல்தான், ஆனால் இந்தக் கைந்நூலில் ஆபத்தானது. போக்குதல் வெளியேற்றுவதையும் இல்லாமற் செய்வதையும் குறிக்கும். புகைபோக்கி புகையை வெளியேற்றுகிறது, பிணிபோக்கும் மருந்து பிணியை அழிக்கிறது. இதே அத்தியாயத்தில் நுரையை அடக்குவதற்காகச் சில துளிகள் இடும் சிமெதிக்கோன் கரைசலும் வருகிறதல்லவா? வாசகர் நுரைபோக்கி என்பதைத் துளிமருந்து என்று எண்ணி, இரண்டு சொட்டு விட்டுவிட்டு, அடைபடக்கூடிய வளிப்பூட்டை அப்படியே வைத்துவிட்டால் என்ன ஆகும்? துளிமருந்தை ‘நுரையடக்கி’ என்று தெளிவாகப் பிரித்தால் மட்டுமே நுரைபோக்கிக்குச் சம்மதிப்பேன்.

சொல்லோடு நில்லாமல் செயலையும் திருத்தமாக எழுதுங்கள். 23 லீற்றர் காய்ச்சுபவர் 25 லீற்றர் வாளியில் இரண்டு லீற்றர் இடம் விட்டால் நுரைக்குப் போதாது. 30 லீற்றர் வாளி வேண்டும். குழாயின் உள்விட்டம் 25 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் ஹொப்ஸ் தூள் அடைக்காது. மறுமுனை கிருமிநீக்கிய நீருக்குள் சில சென்ரிமீற்றர் அமிழ்ந்திருக்கவேண்டும். வாளியைச் சட்டென்று குளிர்த்தினால் உள்ளே அமுக்கம் குறைந்து அந்த நீர் பின்னோக்கி உறிஞ்சப்படும். ஆகவே ஈரத்துணி சுற்றி, நீர்த்தொட்டியில் வைத்து, உறைந்த நீர்ப் போத்தல்களை ஒவ்வொன்றாக மாற்றுவது நல்லது. நுரை அடங்கிய பிறகுதான் வளிப்பூட்டைத் திரும்பப் பொருத்தலாம்.

வியாழன் பிற்பகல், வெள்ளவத்தையிலிருந்து மொழிபெயர்ப்பாளர்

தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்து எண்ணினேன். கடுநொதிப்புக்கு மறுப்பில்லை. குழாய்க்கு ஏழு பேர் நுரைபோக்கி, இருவர் நுரைவழிகுழாய், ஒருவர் எழுத்துப்பெயர்ப்பு. ரீச்சரின் அச்சம் நியாயமானது என்பதால் ‘நுரைபோக்கிக் குழாய்’ என்று முழுதாக எழுதி, துளிமருந்தை நுரையடக்கி ஆக்கியிருக்கிறேன். கடைக்காரரிடம் காட்ட உதவும் என்று ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் படத்தின் கீழ் ஒருமுறை மட்டும் போட்டேன். பக்க வடிவமைப்பாளர் ஏற்கெனவே இரண்டுமுறை தொலைபேசியில் அழைத்துவிட்டார். கோப்பை அனுப்புகிறேன்.

வியாழன் இரவு, கொட்டாஞ்சேனையிலிருந்து ஓய்வுபெற்ற பண்டிதர்

புகைபோக்கிக் குழாய் என்று எவரும் சொல்வதில்லை. போக்கி என்பதே கருவியைக் குறித்துவிட்ட பின் குழாய் எதற்கு? குழாய் வேண்டுமென்றால் போக்கி எதற்கு? தம்பி கோப்பை அனுப்பிவிட்டதாக எழுதியதைக் கண்டேன். இரண்டாம் பதிப்பு வருமாயின் நுரைவழிகுழாயைத் திரும்பவும் முன்வைப்பேன் என்பதைப் பதிவுசெய்து கொள்ளுங்கள். கடு பற்றிய நீண்ட மடல் ஞாயிறன்று வரும்.