கலைச்சொல்: ‘மென்மாற்றம்’, ‘வன்மாற்றம்’ வேண்டாமே

> பழைய அங்குல அளவை அப்படியே மில்லிமீற்றரில் எழுதுவது மென்மாற்றம். பொருளையே மெற்றிக் அளவில் புதிதாகச் செய்வது வன்மாற்றம். இப்படிப் போடலாமா?

காக்கா, இரண்டும் வேண்டாம். மென், வன் என்றால் கல்முனையில் லேத் பிடிப்பவருக்கு இரும்பின் பதம்தான் நினைவுக்கு வரும். எது மாறுகிறது என்பதைச் சொல்லே காட்ட வேண்டும்.

ஓர் அங்குலம் சரியாக 25.4 மி.மீ. மூன்றுக்கு எட்டு (3/8 அங்குல) போல்ட்டின் பெட்டியில் 9.5 மி.மீ. என்று ஒட்டினால் கடதாசியில் மெற்றிக் வந்துவிட்டது; போல்ட் மாறவில்லை. அதைப் பத்து மி.மீ. என்று நினைத்து எம்10 (பத்து மி.மீ. மெற்றிக்) நட்டைப் போட்டால் தடையில்லாமல் ஏறும். அங்குலத்துக்கு 16 புரி என்றால் புரியிடை 1.59 மி.மீ.; எம்10 இல் 1.5. கைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் புரிகள் நுனியில் மட்டுமே தொடும். இறுக்கும்போதே வழுக்கும், அல்லது நெல் ஆலைச் சல்லடையின் அதிர்வில் கழன்று விழும்.

ஆகவே முதலாவதுக்கு ‘அளவுபெயர்ப்பு’: மொழிபெயர்ப்பைப் போல, பொருள் அதுவே, சொல்லும் அலகுதான் வேறு. இரண்டாவதுக்கு ‘மீளளவாக்கம்’.

சட்டம் வந்தும் தொழில்கள் ஏன் அசையவில்லை என்று எழுதுவதற்கும் இந்தப் பிரிப்பு வேண்டும். அமெரிக்காவின் 1975 சட்டம் மெற்றிக் அளவுக்கு மாறுவதை அவரவர் விருப்பத்துக்கு விட்டது. பிறகு மத்திய அரசின் கட்டடங்களுக்கு மெற்றிக் சீமெந்துக் கல் கேட்கப்பட்டது. அங்குலக் கல்லின் நீளம் 15⅝ அங்குலம், அதாவது 397 மி.மீ.; மெற்றிக் கல் 390. ஏழு மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் கல் அரிபவர் எல்லா அச்சையும் மாற்ற வேண்டும். சாந்தோடு சேர்த்தால் அங்குலக் கல்லுக்கு 406.4 மி.மீ., மெற்றிக் கல்லுக்கு 400. பத்துக் கல்லில் 64 மி.மீ. விலகி, கதவு நிலை வரைபடத்தில் உள்ள இடத்தில் வராது. அந்தக் கல்லைக் கட்டாயமாகக் கேட்பதற்கு 1996 இல் காங்கிரசே சட்டமியற்றிக் கட்டுப்பாடு போட்டது. எதிர்ப்பு மீளளவாக்கத்துக்குத்தான், அளவுபெயர்ப்புக்கு யாரும் சண்டை பிடிக்கவில்லை.

---

> அளவுபெயர்ப்பு

தம்பி, பெயர்ப்பு என்றால் இங்கே சுவரைப் பெயர்ப்பதும்தான். ஆனாலும் மொழிபெயர்ப்போடு சேர்த்துப் படித்தால் விளங்கும், ஒத்துக்கொள்கிறேன். காணி உறுதிக்கும் அது பொருந்துகிறது: 10 பேர்ச் என்பதை நில அளவைப் படத்தில் 0.0253 ஹெக்டயர் என்று போடுகிறோம், வேலி நகரவில்லை.

பிவிசி குழாயை மட்டும் இரண்டிலும் சேர்க்காதீர்கள். கடையில் ‘அரை இஞ்சி’ என்று வாங்கும் குழாயின் வெளிவிட்டம் 20 மி.மீ. அதில் எங்கே அளந்தாலும் 12.7 வர வேண்டும் என்று இல்லை. அரை இஞ்சி அங்கே வெறும் பெயர். அதற்கு ‘பெயரளவு’ என்று தனிப்பதிவு போடுங்கள்.