புதுவைத் தமிழ்ப் பகுதி வீடுகள்: பார்க்க வருபவர்களுக்கா, குடியிருப்பவர்களுக்கா?

திண்ணைவீட்டார்:
பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, என் தாத்தா விட்டுச்சென்ற வீட்டில் இன்றும் குடியிருக்கிறேன். ஞாயிறு காலைகளில், பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டும் மரபு நடைக்கு வருபவர்கள் எங்கள் திண்ணையில் அமர்ந்து வழிகாட்டி சொல்வதைக் கேட்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர்கள் தலைக்கு மேலே தாழ்வாரத்து உத்தரம் ஒன்று செல்லரித்து, விரலால் அழுத்தினால் மாவாக உதிர்கிறது. பழைய வீடுகளை இடிக்காதீர்கள் என்று எங்களிடம் சொல்பவர்கள், அந்த உத்தரத்தை மாற்றும் செலவில் பங்கேற்பார்களா என்பதே என் கேள்வி.

நடைவழி:
ஐயா, உங்கள் சிரமம் புரிகிறது. ஆனாலும் மரபு நடைகளால் பயனில்லை என்ற எண்ணத்தை ஏற்க முடியவில்லை. 2002க்குப் பிறகு, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன், பிரான்சின் வில்நோவ் சுர் லாட் நகரமும் இத்தாலியின் உர்பினோ நகரமும் நம் நகரத்தோடு சேர்ந்து நடத்திய ஆசியா அர்ப்ஸ் என்ற நகர மேம்பாட்டுத் திட்டத்தில், தமிழ்ப் பகுதியின் வைசியாள் வீதி முகப்புகள், மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் மேற்பார்வையில் சீரமைக்கப்பட்டன. அதுவரை புதுவை என்றாலே கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதிதான் என்று எண்ணியிருந்தவர்கள், வரிசையாக நின்ற மரத்தூண்களையும் தாழ்வாரங்களையும் கண்டபின் வாய்க்காலைத் தாண்டி வரத் தொடங்கினார்கள். நாம் அழைத்துச் சென்று காட்டாத வீட்டுக்காக யார் குரல் கொடுப்பார்கள்?

திண்ணைவீட்டார்:
முகப்பைச் சீரமைத்ததை நான் குறை சொல்லவில்லை. முகப்புக்குப் பின்னால் முற்றம் இருக்கிறது, அதைச் சுற்றி வாழ்கிற குடும்பம் இருக்கிறது. நான்கு பங்காளிகளுக்கு உரிமையுள்ள வீட்டில் பழுது பார்க்க ஒருவர் பணம் போட்டால் மற்ற மூவரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அடுக்குமாடி கட்டுபவர் வந்து விலை பேசினால் நால்வரும் ஒரே நாளில் கையெழுத்திடுகிறார்கள். நீங்கள் தெருவில் நின்று சொல்கிற வரலாற்றில் இந்தப் பங்காளிச் சிக்கல் இடம்பெறுவதே இல்லை.

சுண்ணாம்புச்சாந்து:
கட்டடப் பொறியாளன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பழைய வீடு சுவரால் சாவதில்லை, கூரையால் சாகிறது. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் பழைய பாணித் தட்டையான கூரைத் தளத்தில் தேக்குச் சட்டங்களுக்கு மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்திருப்பார்கள். மேலே விழுந்த விரிசலைச் சுண்ணாம்பாலேயே அடைக்காமல் சிமெண்டைப் பூசிவிட்டால், உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியின்றிச் சட்டத்தின் முனைகளை, அதுவும் சுவருக்குள் மறைந்திருக்கும் பகுதியைத்தான் முதலில் அழிக்கும். கீழே நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

அரசுக் கட்டடமே தப்பவில்லை. கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் எழுந்த, மேரி எனப்படும் நகர மண்டபக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்தது. மீண்டும் கட்டி 2021இல் திறந்துவிட்டார்கள். முகம் அதே முகம்தான், ஆனால் அது புதிய கட்டடம். அரசால் அவ்வாறு கட்ட முடிந்தது. ஒரு குடும்பத்தால் முடியுமா?

நடைவழி:
மேரி இடிந்த செய்தியைக் கேட்டு நானும் அங்கே போய் நின்றவன். அந்த இடிபாட்டை மறக்க இயலாது. கூரையைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் பார்வையாளர்களைக் குறைப்பது அதற்குத் தீர்வாகாது. நடைக்குக் கட்டணம் வாங்குபவர்கள் அதில் ஒரு பகுதியை, நாங்கள் நின்று பேசும் தெருவின் வீடுகளுக்கு ஆண்டுதோறும் தளம் பார்த்து விரிசல் அடைக்கும் செலவுக்காகத் தனியே வைக்கலாம். என் நடைகளில் இதைத் தொடங்க நான் அணியமாக இருக்கிறேன்.

திண்ணைவீட்டார்:
அந்தத் தொகை உத்தரத்துக்குப் போதாது, விரிசலுக்குப் போதும். அப்படியானால் பணத்தோடு, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரையும் ஐப்பசி மழைக்கு முன்பே அழைத்து வாருங்கள். பங்காளிகளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.