பிரிட்டனில் கிராஜுவேட் விசாவிலிருந்து வேலை விசாவுக்கு மாறியவர்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள்

மான்செஸ்டரிலிருந்து:

முதுகலை முடித்ததும், படித்தவர்கள் சில காலம் இங்கேயே தங்கி வேலை பார்க்க விடும் கிராஜுவேட் விசாவுக்கு மாறுவது பெரிய காரியமே இல்லை. நாம் தேர்ச்சி பெற்றதைப் பல்கலைக்கழகம் உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவித்துவிட்டால் போதும். வேலையும் வேண்டாம், விசாவுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம், அதாவது ஸ்பான்சரும் வேண்டாம். ஆண்டுக்கு 1,035 பவுண்ட் வீதம் சுகாதாரக் கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்டும்போதுதான் கை நடுங்கும்.

அடுத்த மாற்றத்தில்தான் குடுமி நிறுவனத்தின் கைக்குப் போகிறது. ஸ்கில்டு வொர்க்கர் என்கிற வேலை விசாவுக்கு அவர்கள் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் தர வேண்டும். என் மேலாளர் தங்கமான மனிதர். எப்போது கேட்டாலும் "பார்த்துக்கொள்ளலாம்" என்பார். செலவுக்கு ஒப்புதல் தர வேண்டியது மனிதவளத் துறை என்பதால், தகுதிகாண் காலம் முடிந்ததும் அவர்களிடமே எழுத்தில் கேட்டேன். "உங்கள் சம்பளம் போதாது" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அவர்கள் பார்த்தது 2025 ஜூலை 22 முதல் நடைமுறைக்கு வந்த ஆண்டுச் சம்பளம் 41,700 பவுண்ட் என்ற பொது வரம்பை. கிராஜுவேட் விசாவிலிருந்து மாறுபவர்கள் புதிதாகப் பணியில் சேர்வோர் பிரிவில் வருவார்கள், அவர்களுக்கு 33,400. அந்தந்த வேலைக்குரிய ஊதிய விகிதத்தையும் தனியே பார்க்க வேண்டும், அதிலும் சலுகை உண்டு. அரசின் வழிகாட்டிப் பக்கத்தை அப்படியே அனுப்பிவைத்தேன். அவர்களுடைய வழக்கறிஞர் சரி என்று சொன்ன பிறகே கோப்பு நகர்ந்தது. நம் விசாவைப் பற்றி நம்மைவிட அதிகமாக யாரும் படிக்கப் போவதில்லை. இந்தச் சலுகை அதிகபட்சம் நான்கு ஆண்டுகளுக்குத்தான் என்பதையும், கிராஜுவேட் விசாவில் இருந்த காலம் அதற்குள்ளேயே அடங்கிவிடும் என்பதையும் யாரும் வலிய வந்து சொல்லவில்லை.

விண்ணப்பித்த பிறகு திருச்சியில் தங்கைக்கு வளைகாப்பு. முடிவு வருவதற்குள் பிரிட்டன், அயர்லாந்து எல்லையைத் தாண்டினால் விண்ணப்பத்தை நாமே திரும்பப் பெற்றதாகக் கொள்வார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ரெண்டு நாள் வந்துவிட்டுப் போனால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார். மனிதவளத் துறையைச் சமாளித்ததே மேல்.

கார்டிஃபிலிருந்து:

அண்ணா, உங்களுக்காவது படிப்பு முடிந்திருந்தது. நான் வந்த புதிதில், "ஒரு பருவம் படியுங்கள், அப்புறம் வேலை விசாவுக்கு மாறிக்கொள்ளலாம்" என்று சொல்லித்தான் ஊரில் முகவர் அனுப்பிவைத்தார். 2023 ஜூலை 17 அன்று அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். முனைவர் பட்ட மாணவர்களுக்குத் தனி விதி. மற்றவர்கள் படிப்பை முடித்தாக வேண்டும்.

பிறகு ஒருவர் முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லி, பல ஆயிரம் பவுண்ட் கேட்டார். வேலைக்குப் பணம் கேட்கிறவனிடம் வேலை இருக்காது என்று அப்பா தடுத்துவிட்டார். என்னுடன் படித்த ஒரு பெண் கொடுத்தாள். அவள் சேர்ந்த இடத்தின் ஸ்பான்சர் உரிமம் பறிபோனது. வேறு ஸ்பான்சரைத் தேடிக்கொள்ள அறுபது நாள் அவகாசம் தந்து கடிதம் வந்தது. அதற்குள் கிடைக்காமல் மதுரைக்கே திரும்பிவிட்டாள். கொடுத்த பணத்தைக் கேட்டால் அந்த மனிதர் தொலைபேசியையே எடுப்பதில்லை.

லெஸ்டரிலிருந்து:

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே பழைய விசாவின் தேதி முடிந்துவிட்டால் என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அப்படித்தான் ஆனது. தேதி முடிவதற்குள் விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை பழைய விசாவின் உரிமைகள் அப்படியே தொடரும். கிராஜுவேட் விசாவில் பார்த்த வேலையையும் தொடரலாம். என் அலுவலகத்தில் இதை நம்பாமல், நாளை முதல் வர வேண்டாம் என்றார்கள். நிறுவனங்கள் ஊழியரின் வேலை உரிமையைச் சரிபார்க்க உள்துறை அமைச்சகம் ஒரு இணையச் சேவை வைத்திருக்கிறது. அதில் கேட்டால் ஆறு மாதம் செல்லுபடியாகும் உறுதிக் கடிதம் தருவார்கள். கடிதம் வந்த மறுநாளே கூப்பிட்டுக்கொண்டார்கள். இடைப்பட்ட நாட்களின் சம்பளத்துக்கு இன்னும் மின்னஞ்சல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.