மேலே செல்லும் செய்தி ஏன் தேய்ந்துபோகிறது?

கரிசல்காடு (கேள்வி):
கோவைப் பகுதியில் பம்ப் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு வார்ப்புகளில் காற்றுத் துளைகள் விழுவதை ஃபவுண்டரித் தொழிலாளர்கள் முதல் வாரத்திலேயே கண்டு மேற்பார்வையாளரிடம் கூறினார்கள். "துளைகள் மிக அதிகம்" என்று அவர் எழுதியது, பிரிவு மேலாளரின் அறிக்கையில் "சில குறைகள் தென்படுகின்றன" என்றும், நிர்வாக இயக்குநரை அடைந்தபோது "தரம் கண்காணிக்கப்பட்டு வருகிறது" என்றும் மாறியிருந்தது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் உண்மை போய்ச் சேரவில்லை. இப்போது வாராந்திர அறிக்கைப் படிவம் ஒன்றைப் புதிதாகச் சேர்க்கப்போகிறார்கள். அதனால் பயன் உண்டா, அல்லது அடைத்துக்கொண்ட குழாயிலேயே இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றும் வேலையா?

நீலவானம்:
யார் யாரோடு நேரடியாகப் பேச முடிகிறது என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்க உளவியலாளர் ஹரால்ட் லீவிட் 1951இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து பேர் கொண்ட குழுக்கள் சீட்டு எழுதி அனுப்பிக்கொண்டே ஒரு சிறு புதிரை விடுவித்தன. எல்லாச் சீட்டும் நடுவில் இருந்த ஒருவர் வழியாகவே சென்ற குழுக்களில் பிழை குறைவு. அந்த ஒருவரே தலைவராகவும் கருதப்பட்டார். வட்டமாக இணைந்த குழுக்களில் சீட்டுகளும் பிழைகளும் மிகுதி, ஆனால் மனநிறைவு அங்கேதான் அதிகம். சிக்கலான வேலைகளைக் கொடுத்துப் பின்னர் செய்த சோதனைகளில், எல்லாம் ஒருவர் கையில் குவியும் அமைப்பு திணறியது. வார்ப்புக் குறை எளிய புதிர் அன்று என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பழைய பொறியாளர்:
படிவம் பற்றிய ஐயத்துக்கு சேலஞ்சர் விண்ணோடத்தின் கதையே போதும். ஒப்பந்த நிறுவனத்திலிருந்து நாசா தலைமையகம் வரை நான்கு படிநிலைகளில், ஏவுவதற்குத் தயாரா என்று பார்க்கும் ஆயத்தநிலை ஆய்வு நடக்கும் அமைப்பு அது. கூட்டத்துக்கோ காகிதத்துக்கோ பஞ்சமே இல்லை. 1986 ஜனவரி 27 மாலை நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், குளிரில் உந்து ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் ஒழுங்காக அடைக்காது என்றும், ஏறக்குறைய 12 பாகை செல்சியசுக்குக் கீழே ஏவக் கூடாது என்றும் அந்த ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனப் பொறியாளர்கள் வாதிட்டனர். நாசாவின் மார்ஷல் மைய மேலாளர்கள் அதை ஏற்கத் தயங்கியதும், ஐந்து நிமிடம் கேட்டு இணைப்பிலிருந்து விலகிய தயோக்கால் தரப்பு சுமார் அரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, நான்கு மேலாளர்கள் மட்டும் முடிவெடுத்துப் பரிந்துரையைத் தலைகீழாக்கியிருந்தனர். ஏவுதளத்தில் இருந்த அந்நிறுவனப் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட் ஏவுவதற்கான பரிந்துரையில் கையெழுத்திட மறுத்ததால், யூட்டாவிலிருந்து வேறொருவரின் கையெழுத்து தொலைநகலில் வந்தது. அந்தத் தாளில் ஒப்புதல் இருந்தது; பொறியாளர்கள் எதிர்த்தார்கள் என்ற செய்தி இல்லை. மறுநாள் ஏவிய 73 நொடிகளில் விண்ணோடம் சிதறி ஏழு பேர் இறந்தனர். இறுதி முடிவெடுத்த உயர் அலுவலர்களுக்கு முந்தைய இரவின் எதிர்ப்பு தெரியவே தெரியாது என்று விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் கண்டறிந்தது.

உங்கள் படிவத்தில் ஒரே ஒரு மாற்றம் கேளுங்கள்: தொழிலாளி சொன்ன சொல், சொன்னபடியே, இடையில் யாரும் திருத்தாமல் மேலே போக வேண்டும். இதற்கு நிர்வாகம் எளிதில் இணங்காது என்பது என் அனுபவம்.

கரிசல்காடு:
இருவருக்கும் நன்றி. நேற்று ஒரு தாளில், ஐயம் வந்தால் யாரிடம் கேட்பீர்கள் என்று பதினான்கு பேரிடம் விசாரித்து எழுதிப் பார்த்தேன். ஒன்பது பேர் ஸ்டோர்கீப்பரைச் சொன்னார்கள். நிறுவன அமைப்புப் படத்தில் அவர் கடைசி வரிசையில் இருக்கிறார்; மேலாளரைச் சொன்னவர் ஒருவர்.

நீலவானம்:
அவர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்று விசாரித்தீர்களா? வாராந்திரக் கூட்டத்துக்கு அவரையும் அழைக்கச் சொல்லுங்கள்.

கரிசல்காடு:
அடுத்த மார்ச் மாதம்.