நாய்க்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டுது, தைராய்டா?

ஒத்தக்கடை செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க லேப்ரடார் ராணிக்கு ஏழு வயசு, ரெண்டு விலாவுலயும் அளந்து வச்ச மாதிரி முடி போயிருச்சு, வாலும் மொட்டையா கெடக்கு, தோலு கருத்துப்போச்சு. ஆனா இப்ப சொறியுறதே இல்ல. ரத்தம் எடுத்துப் பாத்ததுல டி4ங்கிற தைராய்டு ஹார்மோன் 1.1னு வந்துச்சு, பக்கத்துல கம்மின்னு அடிச்சுக் குடுத்திருக்காங்க. ஆயுசுக்கும் தைராய்டு மாத்திரைதான்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க, ஆரம்பிச்சிரவா?

திருமங்கலம் பாண்டி:
அக்கா அவசரப்படாதீங்க. அரிப்பு இல்லாம ரெண்டு பக்கமும் சமமா கொட்டுனா பெரும்பாலும் ஹார்மோனாத்தான் இருக்கும், ஆனா ஹார்மோன்னா தைராய்டு மட்டும்தானா? அந்த ரத்தம் மனுசங்களுக்குப் பாக்குற லேப்ல குடுத்ததா? நமக்கு 5க்கு மேல இருக்கணும், நாய்க்கு 1லருந்து 4 வரைக்கும் இருந்தாலே சரி, அதனால 1.1ங்கிறது ஓரத்துல நிக்கிது அவ்வளவுதான். தண்ணி எம்புட்டு குடிக்குது? வேற மாத்திரை ஏதும் போகுதா?

ஒத்தக்கடை செல்வி:
ஆமா தம்பி, மனுசங்க லேப்தான். தண்ணி சட்டி ரொப்ப ரொப்ப காலியாகுது, ராத்திரி வீட்டுக்குள்ளயே ஒண்ணுக்குப் போயிருது, வயிறு தொங்கிருச்சு. அரிப்புக்குன்னு மருந்துக்கடையில குடுத்த மாத்திரை மாசியிலருந்து தினமும் போகுது, அட்டையில பிரட்னிசலோன் 10னு இருக்கு.

மேலூர் கால்நடை டாக்டர்:
செல்வியம்மா, மாத்திரை பேரு சொன்னது ரொம்ப நல்லதா போச்சு. பிரட்னிசலோன் ஸ்டீராய்டு, மாசக்கணக்குல உள்ள போனா குஷிங் நோய் (உடம்புல ஸ்டீராய்டு ஹார்மோன் மிஞ்சிப்போறது) மாதிரியே வந்துரும், தண்ணித்தாகம் வயித்துத் தொங்கல் முடி கொட்டுறது எல்லாமே அதுல அடங்கும். அதே ஸ்டீராய்டு டி4 அளவையும் கீழ இழுத்துரும், அதனால இந்த ரிப்போர்ட்ட வச்சு தைராய்டுன்னு முடிவு கட்டவே கூடாது. ஆனா நாளைக்கே டக்குனு நிறுத்திராதீங்க. இத்தன நாள் வெளியிலருந்து கெடச்சதால, உடம்புலயே ஸ்டீராய்டு சுரக்குற அட்ரினல் சுரப்பி வேலைய விட்டுருக்கும், திடீர்னு நிறுத்துனா வாந்தி எடுத்து சுருண்டு விழுந்தாலும் விழுந்துரும், உயிருக்கே ஆபத்து. நேர்ல ஒரு டாக்டர்கிட்ட காமிச்சு கொஞ்சங்கொஞ்சமா குறைக்கணும். முதுகு, கழுத்துல தடவிப் பாருங்க, மணல் ஒட்டுன மாதிரி வெள்ளையா கெட்டியா இருந்தா அதையும் சொல்லுங்க, அது தோலுல சுண்ணாம்பு படியிறது. தோல சுரண்டி கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சி இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க, ஸ்டீராய்டு போகும்போது டெமோடெக்ஸ்ங்கிற அந்தப் பூச்சி கெளம்பும். யூரின் டெஸ்ட்டும் வேணும், கிருமியும் சர்க்கரையும் இருக்கான்னு தெரியணும். மாத்திரை முழுசா நின்னு சில வாரம் கழிச்சு டி4ஓட நாய்க்குன்னே உள்ள டிஎஸ்எச் (தைராய்ட தூண்டுற ஹார்மோன்) டெஸ்ட்டும் சேத்துப் பாருங்க, மனுசங்க டிஎஸ்எச் கிட் நாயோடத சரியா காட்டாது. திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் போகலாம்.

ராசபாளையம் குமார்:
டாக்டர் சொல்றதோட ஒண்ணு, கிரேஹவுண்ட் மாதிரி வேட்டைநாய் வகைக்கு டி4 இயல்பாவே கம்மியா இருக்கும். நம்மூரு வேட்டைநாய் சிப்பிப்பாறை, கன்னி வச்சிருக்கவங்களும் ரிப்போர்ட்ட மட்டும் பாத்து மாத்திரை ஆரம்பிக்காதீங்க. கடுவன் நாய்ல ஒரு விதை இறங்காம வயித்துக்குள்ளயே இருந்து முடி கொட்டுச்சுன்னா, முலைக்காம்பும் பெருத்துச்சுன்னா, கட்டியான்னு ஸ்கேன் பாத்துருங்க.

ஒத்தக்கடை செல்வி:
ரொம்ப நன்றிங்க. காலையில ராணிய கூட்டிட்டுப் போறேன், அட்டையையும் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கிறேன். ராத்திரி ஒண்ணுக்குப் போறதுக்கு சாயங்காலத்தோட தண்ணிய எடுத்து வச்சிரவா?

மேலூர் கால்நடை டாக்டர்:
வேணாம்மா, தண்ணி எப்பவும் இருக்கட்டும், உடம்புலருந்து அதிகமா போறதாலதான் குடிக்குது. படுக்கப்போறதுக்கு முன்னாடி ஒருதரம் வெளிய விடுங்க. முடி திரும்ப மொளைக்க சில மாசம் ஆகும், அதுக்காக எண்ணெய் எதுவும் தேய்க்காதீங்க, நக்கிரும்.